புதுப்பிப்பு: வெஸ்ட்ரே – பாப்பா வெஸ்ட்ரே விமான நேரக் கணக்கு

ஸ்காட்லாந்தின் ஆர்க்னி தீவுகளில் வெஸ்ட்ரேயிலிருந்து பாப்பா வெஸ்ட்ரேவுக்குப் பறக்க 40 விநாடி போதும் என்று போன வாரம் இங்கே எழுதியிருந்தேன். அது தவறு, திருத்திக்கொள்கிறேன். தூரம் சரிதான், சுமார் 2.7 கிலோமீட்டர். அதை மணிக்கு 240 கிலோமீட்டர் என்ற வேகத்தால் வகுத்துவிட்டேன். ஆனால் அந்த வேகத்தை எட்டி நிலைப்பதற்குள் இறங்க வேண்டிய ஓடுபாதை முன்னால் வந்துவிடும். ஏறுவது, வேகத்தைக் குறைப்பது, இறங்குவது, இவ்வளவுதான் அந்தப் பயணம்.

அட்டவணையில் 2 நிமிடம் என்று போட்டிருக்கிறார்கள். காற்று சாதகமாக இருந்தால் அதற்கும் குறைவு. இதுவரை மிக வேகமாகப் பறந்த சாதனை 53 விநாடி. அப்புறம், எதிர்க்காற்றா பின்காற்றா என்பது மட்டும் கணக்கில்லை. காற்றுக்கு எதிராகத்தான் ஏறி இறங்க வேண்டும் என்பதால், சில நாள் விமானம் கிளம்பியதும் வளைந்து திரும்ப வேண்டியிருக்கும். அந்த ஒரு வளைவே கூடுதல் நேரத்தை எடுத்துக்கொள்ளும்.

லோகன்ஏர் என்ற விமான நிறுவனம் 1967 முதல் இந்த வழியில் பறக்கிறது. இப்போது ஓடுவது பிரிட்டன்-நார்மன் ஐலண்டர், இரண்டு விசிறி எஞ்சின் கொண்ட குட்டி விமானம். விமானிக்குப் பக்கத்து இருக்கையில்கூடப் பயணி உட்காரலாம். எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இதுதான்.