பெப்பர்மின்ட், ஸ்பியர்மின்ட்: தமிழில் என்ன சொல்லலாம்?

அனைவருக்கும் வணக்கம்.

மூலிகைத் தேநீர்ப் பொட்டலங்களுக்குத் தமிழில் விவரச்சீட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன். ஒரே பட்டியலில் பெப்பர்மின்டும் ஸ்பியர்மின்டும் அடுத்தடுத்து வருகின்றன. இரண்டுக்கும் புதினா என்றே போட்டால் வாங்குபவர் குழம்பிப்போவார். இப்போதைக்கு மிளகுப்புதினா, ஈட்டிப்புதினா என்று வைத்திருக்கிறேன். புதினாவே பாரசீகச் சொல்தானே, அதை விட்டுவிட்டு 'மணக்கீரை' என்று புதிதாகத் தொடங்கலாமே என்கிறார் நண்பர் ஒருவர். ஐரோப்பிய மொழிகளில் இதற்கு என்ன செய்திருக்கிறார்கள் என்று யாராவது சொன்னால் உதவியாக இருக்கும்.

*

வணக்கம் தம்பி.

> புதினாவே பாரசீகச் சொல்தானே

ஆமாம், பாரசீகத்திலிருந்து இந்துஸ்தானி வழியாக வந்து சேர்ந்தது. அதனால் என்ன? ஐரோப்பாவிலும் பெரும்பாலான மொழிகள் இந்தக் கீரைக்குக் கடன் வாங்கிய பெயரைத்தான் வைத்திருக்கின்றன. இத்தாலியம், ஹங்கேரியம் இரண்டிலும் மென்டா. பிரெஞ்சில் மான்த், ஜெர்மனில் மின்ட்ஸே, ஃபின்னியத்தில் மின்ட்டு, வேல்சில் மின்டிஸ். எல்லாம் லத்தீன் மென்தாவின் வாரிசுகள். அதற்கு இணையான கிரேக்கச் சொல் மின்தே. அதுவாவது கிரேக்கர்களுடைய சொந்தச் சொத்தா என்றால், இல்லை என்பதே மொழியியலாளர் பலரின் கருத்து. கொரிந்தோஸ், லாபிரிந்தோஸ், ஹியாகிந்தோஸ் என்று நடுவில் 'ந்த்' ஒலிக்கும் சொற்களெல்லாம், கிரேக்கம் அந்த மண்ணுக்கு வருமுன் அங்கே வழங்கிய ஏதோவொரு மொழியின் மிச்சம் என்கிறார்கள். மின்தேயும் அந்தக் கூட்டத்தில் ஒன்று.

கடன் வாங்கிய சொல் ஒரு மொழிக்குள் எப்படிப் பழகிப்போகிறது என்று பார்க்க வேண்டுமானால் ஸ்லாவிய மொழிகளைப் பாருங்கள். போலிஷில் மியென்தா, ரஷ்யனில் மியாத்தா, செக்கில் மாத்தா, ஸ்லோவாக்கில் மெத்தா, ஸ்லோவீனில் மேத்தா. ஆளுக்கொரு விதமாகச் சிதைத்துவிட்டார்கள் என்று தோன்றும். ஆனால் இறைச்சிக்கு அவர்கள் சொல்லும் சொல்லைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: அதே வரிசையில் மியென்சோ, மியாசோ, மசோ, மெசோ, மேசோ. பழைய ஸ்லாவியத்தில் மூக்கொலி கலந்த ஓர் எகரம் இருந்தது. போலிஷ்காரர் மூக்கொலியைக் கைவிடவில்லை. மற்றவர்கள் விட்டுவிட்டு, அவரவர் வழியில் யா, ஆ, எ, ஏ என்று ஆக்கிக்கொண்டார்கள். இறைச்சி அவர்களுடைய பரம்பரைச் சொல், புதினா வந்தேறி. இரண்டும் ஒரே விதிக்குக் கட்டுப்பட்டு மாறியிருக்கின்றன என்றால் வந்தேறி எப்போதோ வீட்டுப்பிள்ளை ஆகிவிட்டது என்றுதானே பொருள்? புதினாவுக்கும் நம்மிடம் அந்த உரிமை உண்டு. கொத்துக்கட்டாக விற்கும் அம்மாவிடம் போய் வேறு பெயர் சொல்லிப் பாருங்கள்.

பால்கன் பக்கம் கதை வேறு. துருக்கியர் ஆண்ட இடங்கள் சிலவற்றில் துருக்கிய 'நானே' ஒட்டிக்கொண்டது. செர்பியாவிலும் போஸ்னியாவிலும் நானா. அதற்கு மூலம் அரபு நஅனாஅ. மால்டாவில் பேசுவது அரபுக் கிளைமொழி என்பதால் அங்கே துருக்கியர் துணையில்லாமலே அந்தச் சொல் இருக்கிறது. டச்சு மட்டும் ஒரு தனிக் கூத்து: கீரையும் 'மந்த்', நாணயமும் 'மந்த்'. நாணயத்துக்கான சொல் லத்தீன் மொனேட்டாவிலிருந்து வந்தது, கீரையோடு உறவே இல்லை. ஆங்கிலத்திலும் இதே மோதல்தான். சென்னை மின்ட் தெருவில் யாரும் புதினாவைத் தேட மாட்டார்கள், தங்கசாலை என்று தமிழில் தெளிவாக இருக்கிறது. எந்திர மொழிபெயர்ப்பை நம்பி டச்சுச் சீட்டு எதையும் தமிழாக்காதீர்கள், புதினாத் தேநீர் நாணயத் தேநீர் ஆகிவிடும்.

> 'மணக்கீரை' என்று புதிதாகத் தொடங்கலாமே

உங்கள் நண்பர் நல்ல சகவாசத்தில்தான் இருக்கிறார். கிரேக்கர்களும் இதைத்தான் செய்தார்கள். மின்தே இருக்கும்போதே ஹெடுஓஸ்மோஸ், அதாவது இனிய மணமுடையது, என்றொரு பெயர் வைத்தார்கள். அது தேய்ந்து இன்று 'தியோஸ்மோஸ்'. கறியுருண்டையில் சேர்க்கும் கீரை அதுதான்.

மத்தேயு 23:23இல் பரிசேயர் தசமபாகம் கொடுக்கும் கீரைக்கும் கிரேக்க மூலத்தில் இதே பெயர்தான். தமிழ் வேதாகமத்தின் பழைய மொழிபெயர்ப்பில் அந்த இடத்தைப் படித்திருக்கிறீர்களா? 'ஒற்தலாமிலும் வெந்தயத்திலும் சீரகத்திலும் தசமபாகம் செலுத்தி' என்று வரும். ஒற்தலாம் என்றால் என்ன என்று ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் விளக்கினால்தான் உண்டு. அது போர்த்துகீசிய 'ஒர்த்தெலான்', புதினாதான். ஹ-வில் தொடங்கும் எழுத்து, ஆனால் அவர்கள் அதை ஒலிப்பதில்லை. கடைசியில் மூக்கால் ஒலிக்கும் ஆகாரம், அதை நம்மவர்கள் 'ஆம்' என்று பிடித்துவிட்டார்கள். நல்ல காது. (பக்கத்திலேயே வரும் வெந்தயம் பிழை. மூலத்தில் இருப்பது சதகுப்பை.)

எப்படி நுழைந்தது என்பதில் பெரிய மர்மம் இல்லை. புதிய ஏற்பாட்டைத் தமிழாக்கிய ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு 1706இல் தரங்கம்பாடியில் இறங்கியபோது, ஐரோப்பியரோடு புழங்கக் கடற்கரை முழுக்கப் போர்த்துகீசியமே பொதுமொழி. ஜன்னல், சாவி, மேசை, அலமாரி எல்லாம் அந்தக் கப்பலில் வந்தவையே. அவை நிலைத்துவிட்டன, ஒற்தலாம் வேதாகமத்தைத் தாண்டி வெளியே வரவில்லை. கீரைக்காரி புதினா என்று கூவிக்கொண்டிருக்கும்போது யாருக்கு வேண்டும்? அந்தப் போர்த்துகீசியச் சொல்லுக்கும் மூலம் லத்தீன்தான்: தோட்டத்துப் புதினா என்பதில் புதினா உதிர்ந்து தோட்டம் மட்டும் மிஞ்சியது.

மணக்கீரை எனக்குச் சரிப்படவில்லை. கேட்டவுடன் மணத்தக்காளிக் கீரைதான் நினைவுக்கு வரும். மணம் என்று பார்த்தால் கொத்தமல்லி சண்டைக்கு வரும்.

> மிளகுப்புதினா

இதை அப்படியே வையுங்கள். ஐரோப்பாவே ஒத்துக்கொள்ளும் அபூர்வமான இடம் இது. ஜெர்மன் ஃபெஃபர்மின்ட்ஸே, ஹங்கேரிய போர்ஷ்மென்டா, ரஷ்யனில் மிளகு மியாத்தா, பிரெஞ்சில் மிளகிட்ட மான்த், போர்த்துகீசியத்தில் மிளகு ஒர்த்தெலான். தாவரவியலாளர் லின்னேயஸ் 1753இல் வைத்த பெயரும் மென்தா பிப்பெரிட்டாதான். பிப்பர், ஃபெஃபர், பெப்பர் எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது நம் பக்கத்துப் பிப்பலி, அதாவது திப்பிலி. அதனால் மிளகைச் சேர்ப்பதில் கூச்சமே வேண்டாம்.

> ஈட்டிப்புதினா

இதை மட்டும் எடுத்துவிடுங்கள். ஈட்டி பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. தாவரவியல் பெயரில் உள்ள ஸ்பிகாட்டா என்பதற்குக் கதிர் விட்டது என்று பொருள், ஈட்டிக்கு அங்கே இடமில்லை. பிரெஞ்சும் ஸ்வீடியமும் பச்சைப்புதினா என்கின்றன. ஜெர்மனில் அதோடு சுருட்டைப்புதினாவும் உண்டு. பச்சை நமக்கு ஆகாது. பச்சைப்புதினா என்றால் காயவைக்காத புதினா என்றுதான் நம் காதில் விழும், தேநீர்ப் பொட்டலத்தில் அது பொய்யாகவும் ஆகிவிடும்.

முக்கியமான விஷயம் இனிமேல்தான். இதைச் சமையலில் போடுகிற ஊர்களில் என்ன செய்கிறார்கள் என்று கவனியுங்கள். ஸ்பெயினில் அடுப்படியில் இருப்பது யெர்பாபுவேனா, நல்ல பச்சிலை. மிட்டாயிலும் தேநீரிலும் வருவது மென்டா. கிரேக்கத்தில் சமையலுக்குத் தியோஸ்மோஸ், மிட்டாய்க்கு மென்டா. பல்கேரியாவில் பீன்ஸ் சூப்பில் போடுவது ஜோஜென், தேநீருக்கு மென்டா. அடுப்படிக்கீரைக்கு அடைமொழியே இல்லை. அது முதலில் வந்தது, பெயரை எடுத்துக்கொண்டது. பெப்பர்மின்ட் பின்னால் வந்த கலப்பு. நீர்ப்புதினாவும் ஸ்பியர்மின்டும் கூடிப் பிறந்தது, விதை பிடிக்காது, வேர்த்தண்டை வெட்டி வைத்துத்தான் பெருக்க வேண்டும். நாம் சட்னி அரைப்பது பெரும்பாலும் ஸ்பியர்மின்ட் வகைதான். நாக்கில் சில்லென்று அடிக்கும் மென்தால் அதில் அற்பம். பெப்பர்மின்ட் எண்ணெயிலோ அதுதான் பெரும்பங்கு, நாட்டு மருந்துக் கடையில் புதினா உப்பு என்று கொடுப்பார்களே அது.

ஆக என் யோசனை: ஸ்பியர்மின்டுக்கு வெறும் புதினா. கலப்புக்கு மிளகுப்புதினா. இரண்டையும் எதிரெதிரே வைத்தே தீர வேண்டிய இடத்தில் மட்டும் 'கறிப்புதினா'. வேப்பிலைக்கும் கறிவேப்பிலைக்கும் உள்ள வேறுபாடு நம் ஆட்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

*

அம்மாவின் மடல் அருமை. கறிப்புதினாவில் மட்டும் ஒரு சிக்கல். சங்கத் தமிழில் கறி என்றால் பெரும்பாலும் மிளகுதான். யவனர் மரக்கலம் பொன்னோடு வந்து கறியோடு திரும்பும் முசிறியை அகநானூறு 149 சொல்கிறது. பழைய பொருள் தெரிந்தவர் கறிப்புதினாவை மிளகுப்புதினா என்றே படிப்பார். எதிரெதிராக நிறுத்த வேண்டிய இரண்டு பெயர்களும் ஒன்றாகிவிடும். 'சமையற்புதினா' போதாதா?

*

ஐயா, அகநானூறு படித்தவர் தேநீர்ப் பொட்டலம் வாங்கி ஏமாந்தார் என்று வழக்கு வராது என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் நியாயமான தடை. கலைச்சொல் பட்டியலில் ஏறினால் நாளைக்குத் தாவரவியல் மாணவர் எடுத்து ஆள்வார். சமையற்புதினாவே இருக்கட்டும், எனக்கு மறுப்பில்லை.

*

ஐயாவுக்கும் அம்மாவுக்கும் நன்றி. சீட்டில் 'புதினா (மென்தா ஸ்பிகாட்டா)', 'மிளகுப்புதினா (மென்தா பிப்பெரிட்டா)' என்று மாற்றிவிட்டேன். இரண்டும் கலந்த பொட்டலத்தில் மட்டும் முன்னது சமையற்புதினா ஆகிறது. அடுத்த வரியில் தைம் நிற்கிறது. அச்சகத்தார் ஓமம் என்றே போட்டுவிடலாம் என்கிறார். மணம் கொஞ்சம் ஒத்துப்போகிறது, இரண்டிலும் தைமால் என்ற வேதிப்பொருள் உண்டு என்கிறார்கள். ஆனால் ஓமம் வேறு செடியாயிற்றே. தனி இழையாகத் தொடங்கட்டுமா?