கத்தியவாரிக் குதிரையை மலேசியாவுக்கு அனுப்ப எந்தத் தாளில் தொடங்க வேண்டும்?

கொத்தமங்கலம் வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் காரைக்குடிக்கு அருகே கொத்தமங்கலத்தில் இருக்கிறேன். நான்கு ஆண்டுகளுக்கு முன் அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தையில் என் தகப்பனார் ஒரு பெண் குதிரையை வாங்கினார். செவலை நிறம், நான்கு கால்களிலும் முகத்திலும் வெள்ளை இருப்பதால் ஊரில் அதைப் பஞ்சகல்யாணி என்றே அழைப்பார்கள். காதுநுனிகள் இரண்டும் உள்நோக்கி வளைந்து ஒன்றையொன்று தொடும். விற்றவர் கத்தியவாரி என்று சொன்னதைத் தவிர இனத்துக்குச் சான்று ஏதும் இல்லை. தொகை எழுதிய கைச்சீட்டு ஒன்றுதான் கையில் இருக்கிறது.

சுற்றுவட்டாரத்தில் மாப்பிள்ளை அழைப்புக்குச் சென்று வந்த குதிரை இது. தகப்பனார் காலமான பிறகு அதைக் கவனிக்க வீட்டில் ஆள் இல்லை. ஈப்போவில் சிறிய பண்ணை வைத்திருக்கும் என் மைத்துனர், அதை நிரந்தரமாகத் தம்மிடம் அனுப்பிவிடச் சொல்கிறார். இங்குள்ள தரகர் ஒருவரோ, தடுப்பூசிச் சீட்டும் கால்நடை மருத்துவரின் சான்றும் இருந்தால் பதினைந்து நாளில் ஏற்றிவிடலாம் என்று கூறி முன்பணம் கேட்கிறார். கடந்த மாசிக் கடைசியில் இனச்சேர்க்கை செய்வித்ததில் குதிரை இப்போது சினையாகவும் இருக்கிறது. தரகர் சொல்வது சரிதானா, உண்மையில் எந்தெந்த அனுமதிகளைப் பெற வேண்டும் என்பதை அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

தேவகோட்டை கால்நடை மருத்துவர் (ஓய்வு) எழுதியது:

தம்பி, முதலில் அந்த முன்பணத்தைக் கொடுக்காதீர்கள். மற்றவற்றைப் பிறகு பேசலாம்.

நீங்கள் விவரித்திருக்கும் காதுகளே உங்கள் வழக்கைப் பாதி தீர்மானித்துவிடுகின்றன. வெளிநாட்டு வணிகத் தலைமை இயக்குநரகத்தின் ஏற்றுமதிக் கொள்கையில் கத்தியவாரி, மார்வாரி, மணிப்புரி ஆகிய மூன்று குதிரை இனங்களும் கட்டுப்படுத்தப்பட்ட பொருள்கள் என்ற வகையில் வைக்கப்பட்டுள்ளன. அதாவது அந்த இயக்குநரகத்தின் உரிமம் இல்லாமல் அவற்றை நாட்டைவிட்டு வெளியே கொண்டுசெல்ல இயலாது. பந்தயத்தில் ஓடும் தரோபிரெட் போன்ற மற்றக் குதிரைகளுக்கு இந்த உரிமம் தேவையில்லை. நம் நாட்டு இனங்கள் எண்ணிக்கையில் அருகிவிட்டதால் ஏற்பட்ட தடை இது. மார்வாரியை எடுத்துக்கொண்டால், பல பத்தாண்டுகளாக மூடியிருந்த கதவு 2000 முதல் 2006 வரை சிறிதளவு திறந்து, பின்னர் மூடப்பட்டு, 2008க்குப் பிறகு தற்காலிகப் பயணத்துக்கு மட்டும் மிகச் சில குதிரைகளுக்கு அனுமதி தரப்பட்டது. கண்காட்சிக்குப் போய்த் திரும்பும் குதிரைக்கே இந்த நிலை என்றால், நிரந்தரமாக அனுப்பக் கேட்கும் விண்ணப்பம் எவ்வளவு கடுமையாக ஆராயப்படும் என்பதை நீங்களே கணித்துக்கொள்ளலாம். இனச்சான்று இல்லையே, கலப்பினம் என்று எழுதிவிடலாமே என்று யாராவது யோசனை சொன்னால் கேட்க வேண்டாம். அந்தக் காதுகளை ஆய்வாளரிடமிருந்து மறைக்க முடியாது.

இரண்டாவது தடை நோய் பற்றியது. எந்த நாடும் குதிரையின் உடல்நிலையோடு அது வாழ்ந்த நாட்டின் நோய்நிலையையும் சேர்த்தே பார்க்கும். இந்தியாவில் கிளாண்டர்ஸ் என்ற தொற்றுநோய் இருக்கிறது. ஈக்கள் பரப்பும் சர்ராவும், உண்ணிகள் பரப்பும் பைரோபிளாஸ்மோசிஸும் இருக்கின்றன. கிளாண்டர்ஸ் இருக்கும் நாட்டிலிருந்து போகும் குதிரைக்கு உலக விலங்கு நல அமைப்பின் விதித்தொகுப்பு கேட்பது இதுதான்: ஓராண்டாக அந்நோய் தென்படாத இடத்தில் குறைந்தது ஆறு மாதம் இருந்திருக்க வேண்டும், 21 முதல் 30 நாள் இடைவெளியில் இருமுறை எடுத்த இரத்த மாதிரிகளிலும் நோய் இல்லை என்று முடிவு வர வேண்டும், இரண்டாவது மாதிரி பயணத்துக்கு முந்தைய பத்து நாட்களுக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும். நிரந்தரமாகப் போகும் குதிரைக்குத் தொற்று இரத்தசோகைச் சோதனை முப்பது நாட்களுக்குள் செய்யப்பட்டிருக்க வேண்டும். இந்த நாள் கணக்கை மட்டும் வைத்துப் பார்த்தாலே தரகரின் பதினைந்து நாள் பொய்த்துப்போகிறது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். கிளாண்டர்ஸ் மனிதருக்கும் தொற்றும் நோய் என்பதால், ஹிசாரில் உள்ள தேசியக் குதிரையின ஆராய்ச்சி மையத்தில் அது உறுதிப்பட்டால் குதிரைக்குச் சிகிச்சை கிடையாது, 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி கருணைக்கொலைதான். இரத்தம் எடுக்கக் கையெழுத்திடும்போது இதைத் தெரிந்துகொண்டே இடுங்கள்.

மீரட்டில் நோயற்ற வளாகம் ஒன்றுக்கு அங்கீகாரம் கிடைத்துவிட்டதே என்று சிலர் சொல்வார்கள். 2025 ஜூலை 3 முதல் அந்த அங்கீகாரம் உள்ளது என்பது உண்மைதான். ஆனால் அது இராணுவத்தின் கால்நடை மருத்துவப் படைக்குரிய மையம். அதன் வேலிக்குள் இருக்கும் குதிரைகளுக்கே அந்தத் தகுதி, கொத்தமங்கலத்துத் தொழுவத்துக்கு அது நீளாது. 2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் நம் குதிரையேற்ற அணி 41 ஆண்டுகளுக்குப் பிறகு தங்கம் வென்றபோதும், வீரர்கள் ஏறிய குதிரைகள் ஐரோப்பாவில் வைத்துப் பழக்கப்பட்டு அங்கிருந்தே விமானம் ஏறியவை.

சென்னை சரக்கு முகவர் எழுதியது:

மருத்துவர் ஐயா சொன்னவற்றில் எனக்கு மாறுபாடு இல்லை. எனக்கும் பூர்வீகம் பள்ளத்தூர்தான். சுங்கத் தீர்வை வேலையில் இருபது ஆண்டுகள் ஆகின்றன. அதில் குதிரைகள் சிலவற்றுக்கும் தாள் பார்த்திருப்பதால், வரிசையை மட்டும் தெளிவுபடுத்த விரும்புகிறேன்.

பெரும்பாலோர் லாரியிலிருந்து தொடங்குகிறார்கள். போய்ச் சேரும் நாட்டிலிருந்து பின்னோக்கி வருவதே முறை. உங்கள் மைத்துனர்தான் முதலில் மலேசியாவின் தனிமைப்படுத்தல் மற்றும் ஆய்வுச் சேவைத் துறையான மாக்கிஸிடம் இறக்குமதி அனுமதி கேட்க வேண்டும். எந்தச் சோதனை, எந்த ஆய்வகம், எத்தனை நாள் தனிமை என்று அந்த அனுமதியிலும் அதனுடன் வரும் நிபந்தனைகளிலும் எழுதியிருப்பதை வைத்தே இங்குள்ள கால்நடை மருத்துவர்கள் வேலை செய்வார்கள். அது வராமல் இங்கே எடுக்கும் சோதனை முடிவுகள் காலாவதியாகும் தாள்களே.

அது வந்த பிறகு உங்கள் பெயரில் ஏற்றுமதி இறக்குமதிக் குறியீட்டெண், இயக்குநரகத்தின் உரிமம், பிறகு சென்னையில் உள்ள ஒன்றிய அரசின் விலங்குத் தனிமைப்படுத்தல் மற்றும் சான்றிதழ் சேவை மையத்தின் உடல்நலச் சான்று. ஊர் மருத்துவர் தரும் சான்று உள்நாட்டில் லாரி ஏற்றுவதற்குத்தான் பயன்படும். விமான நிலையத்தில் செல்லுபடியாவது இந்த மையத்தின் சான்று. சுங்கத்தில் ஏற்றுமதிப் பட்டியல் தாக்கல் செய்வது இவை எல்லாம் கைக்கு வந்த பின் ஒரு நாள் வேலை.

என் அனுபவத்தில் மிகவும் வலித்த ஒன்றைச் சொல்கிறேன். குதிரையின் கழுத்தில் ஊசி வழியாகச் செலுத்தும் சிறு மின்னணு அடையாளச் சில்லில் பதினைந்து இலக்க எண் இருக்கும். ஒருமுறை நான் பார்த்த குதிரைக்கு ஆய்வகத் தாளில் கடைசி இரண்டு இலக்கங்கள் இடம் மாறித் தட்டச்சாகியிருந்தன. சரக்கு முனையத்தில் இரவு பதினொரு மணிக்குப் படிப்பானைக் கழுத்தில் வைத்து எண்ணை வாசித்தபோதுதான் அது தெரிந்தது. குதிரை அமைதியாக நின்று கொள்ளு மென்றுகொண்டிருந்தது. நாங்கள் ஐந்து பேர் ஒரு தாளைச் சுற்றி நின்றுகொண்டிருந்தோம். விமானம் போய்விட்டது. திருத்திய தாள் வருவதற்குள் பத்து நாள் கெடு கடந்து, இரத்தம் மறுபடி எடுக்க வேண்டியதாயிற்று. அன்றிலிருந்து எந்தத் தாளையும் எண்ணை உரக்கப் படித்துச் சரிபார்க்காமல் நான் வாங்குவதில்லை.

சாலைப் பயணத்துக்கு 1978ஆம் ஆண்டு விலங்குகள் போக்குவரத்து விதிகள் உள்ளன. குதிரைகளுக்கிடையே குறைந்தது எட்டுச் சென்டிமீட்டர் விட்டமுள்ள மூங்கில் தடுப்பு, எதிரே வரும் வண்டிகளைக் கண்டு மிரளாதிருக்கத் தலை இடப்புறம் நோக்கிய நிலை, மணிக்கு 35 கிலோமீட்டருக்கு மேற்படாத வேகம் ஆகியவை அதில் உண்டு. காரைக்குடியிலிருந்து சென்னைக்கு அந்த வேகத்தில் போனால் எத்தனை மணி நேரம் என்று பார்த்து, இடையில் இறக்கி இளைப்பாற வைக்கும் இடத்தையும் முன்கூட்டியே பேசிவையுங்கள். விமானத்தில் பன்னாட்டு வான்போக்குவரத்துச் சங்கத்தின் விதிப்படி அமைந்த கூண்டுத் தடுப்பும், உடன் செல்ல அனுபவமுள்ள குதிரைக்காரரும் வேண்டும். தலையை நெடுநேரம் உயர்த்திக் கட்டிவைத்தால் மூச்சுக்குழாயில் இறங்கும் தூசியை அதனால் வெளியேற்ற முடியாமல் நுரையீரலில் தொற்று வரும். அவ்வப்போது தலையைத் தாழ்த்த விடும் ஆளாகப் பார்த்து அனுப்புங்கள்.

அறந்தாங்கிப் பக்கம் எழுதியது:

இரண்டு பெரியவர்களும் சொன்ன பிறகு எனக்குச் சொல்ல அதிகம் இல்லை. ஆனால் ஆவணியில் இந்தக் கேள்வி வந்திருப்பதால் ஒன்று தோன்றியது. எங்கள் ஆவுடையார்கோயிலில் பாண்டியன் பணத்தைக் கோயிலுக்குச் செலவிட்ட மாணிக்கவாசகருக்காக ஆவணி மூலத்தன்று இறைவன் நரிகளைப் பரிகளாக்கிக் கொண்டுவந்தபோது, கயிறு மாற்றிக் கொடுத்த பின் குதிரைக்கு என்ன ஆனாலும் விற்றவர் பொறுப்பில்லை என்பதே அக்கால வழக்கம். இரவில் அவை நரிகளானபோது அரசன் கையில் ஒரு சீட்டும் இல்லை. அந்தியூர்க் கைச்சீட்டோடு நிற்கும் நண்பருக்கு இது புரியும். உரிமையை நிறுவ வேறு வழி உண்டா என்பதையும் மருத்துவர் ஐயா சொன்னால் நல்லது.

தேவகோட்டை கால்நடை மருத்துவர் (ஓய்வு) எழுதியது:

கைச்சீட்டு வாங்கிய உரிமையைக் காட்டலாம். இந்தக் குதிரைதான் அந்தக் குதிரை என்பதைக் காட்டாது. அதற்காகத்தான் அடையாளப் புத்தகம். அதில் குதிரையின் கோட்டுருவப் படத்தில் வெள்ளைகளைச் சிவப்பு மையாலும் சுழிகளைக் கறுப்பு மையில் பெருக்கல் குறியாலும் வரைவோம். நம் ஊர்த் தரகர்கள் ராசி பார்ப்பதற்கு நெற்றிச்சுழியையும் கழுத்துச்சுழியையும் விரலால் தடவித் தேடுவார்களே, அதே சுழிகள்தாம். ராசிக்காகப் பார்த்த பழக்கம் அடையாளத்துக்கு உதவுகிறது. மனிதருக்குக் கைரேகை போல அவை குதிரைக்குக் குதிரை மாறுபடும். சில் பொருத்துவதையும் இந்தப் படம் வரைவதையும் ஏற்றுமதி நடந்தாலும் நடக்காவிட்டாலும் செய்துவைப்பது நல்லது.

சினையைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை என்பதையும் இப்போது கவனித்தேன். குதிரைக்குச் சினைக்காலம் சுமார் பதினொரு மாதம். ஐரோப்பிய ஒன்றிய விதியில் சினைக்காலத்தின் 90 விழுக்காட்டைக் கடந்த விலங்கைப் பயணத்துக்கே அனுமதிக்க மாட்டார்கள். விதி இல்லாத இடத்திலும் நான் அனுமதிக்க மாட்டேன். உங்கள் கணக்குப்படி தைக் கடைசியில் ஈனும் என்றால் மார்கழிக்குள் அது ஏறியிருக்க வேண்டும். உரிமத்தை எதிர்பார்த்திருக்கும் நீங்கள் அந்தக் கெடுவைப் பிடிக்க இயலாது. ஈன்ற பின் குட்டிக்குத் தனிச் சில்லும், தனி அடையாளப் புத்தகமும், தனிச் சோதனைகளும் வேண்டும்.

மைத்துனருக்குக் குதிரைதான் தேவை என்றால் ஈப்போவிலேயே பேராக் டர்ஃப் கிளப் இருக்கிறது. ஓட்டத்திலிருந்து விலகிய குதிரையை அங்கு விசாரிப்பது இதைவிட எளிது. அவருக்கு உங்கள் அப்பாவின் குதிரைதான் வேண்டும் என்றால், அது வேறு.

கொத்தமங்கலம் வாசி எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. நேற்று இரவே மைத்துனரிடம் பேசினேன். அவருக்கு வேண்டியது அப்பாவின் குதிரைதான் என்பதை ஐயா சரியாகக் கண்டுகொண்டீர்கள். அவர் சில நேரம் பேசவே இல்லை. பிறகு, மாக்கிஸுக்கு எழுதிக் கேட்கிறேன், தை வரை ஒன்றும் நகர்த்த வேண்டாம் என்றார். தரகரிடம் முன்பணம் இல்லை என்று சொல்லிவிட்டேன். உரிமத்துக்கு மதுரையில் உள்ள மண்டல அலுவலகத்தில் விசாரித்துக்கொண்டு விண்ணப்பிக்க எண்ணுகிறேன்.

இதற்கிடையே, எங்கள் பழைய குதிரைக்காரர் திருப்பத்தூரிலிருந்து வாரம் இருமுறை வந்து பார்ப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். சில் பொருத்தவும் படம் வரையவும் ஐயா எந்த நாளில் கொத்தமங்கலம் வர இயலும் என்று தெரிவித்தால் தேவகோட்டைக்கு வண்டி அனுப்புகிறேன். நெற்றியில் இரண்டு சுழி அருகருகே இருக்கிறது. வாங்கும்போது அதைக் காட்டித்தான் அப்பா விலையில் கொஞ்சம் குறைத்தார்.