அப்பாவின் 74 மாடல் புல்லட்: புதுப்பிப்பு

போன மாசம் புலம்பியிருந்தேனே, வண்டி சூடானதும் சிக்னலில் நின்று செத்துப்போகிறது, பழைய அமல் கம்பெனி கார்புரேட்டரை (பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் பாகம்) தூக்கிவிட்டு, அதே மாதிரி புதிதாகச் செய்த ரெப்ளிகா போடலாமா என்று. போட்டும் பார்த்தேன். அதே கதை, காசு போனதுதான் மிச்சம்.

குற்றவாளி கார்புரேட்டர் உடம்பு இல்லை, அதன் ஃபிளாஞ்ச், அதாவது எஞ்சினோடு நட்டு போட்டு இறுக்கும் தட்டையான விளிம்பு. ஐடிலில் (ஆக்சிலரேட்டர் முறுக்காமல்) ஓடவிட்டு, அது எஞ்சின் ஹெட்டோடு சேரும் இடத்தில் லேசாக ஆயில் ஸ்ப்ரே அடித்தேன். சத்தம் சட்டென்று மாறியது. அங்கேதான் காற்று உறிஞ்சுகிறது. கழற்றி ஸ்கேலை வைத்தால் நடுவில் வெளிச்சம் தெரிகிறது! இத்தனை வருஷம் ஆளாளுக்கு நட்டை இறுக்கி இறுக்கியே வளைத்திருக்கிறார்கள். ரெப்ளிகாவை மாட்டியபோது நானும் அதே தப்பைத்தான் செய்திருக்கிறேன்.

கண்ணாடித் துண்டின் மேல் தண்ணி எமரி சீட்டை விரித்து, எட்டு போடுவதுபோலத் தேய்த்தேன். முக்கால் மணி நேரம். ஃபிளாஞ்சின் முகம் முழுக்க ஒரே சாம்பல் நிறமானதும் இடையில் புது கேஸ்கெட் அட்டை வைத்து, இரண்டு நட்டையும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினேன். ஒரிஜினல் கார்புரேட்டர் திரும்ப ஏறிவிட்டது. அதன் ஸ்லைடு (உள்ளே மேலும் கீழும் நகர்ந்து காற்றைக் கூட்டிக் குறைக்கும் துண்டு) மட்டும் தேய்ந்து ஆடியதால் ரெப்ளிகாவிலிருந்து எடுத்துப் போட்டேன்.

பாயிண்ட் (தீப்பொறி வருவதற்காகத் திறந்து மூடும் முனைகள்) இடைவெளியும் 15 தௌவில், அதாவது அங்குலத்தில் ஆயிரத்தில் 15 பங்கில், வைத்தாச்சு. இப்போது டப்... டப்... என்று எண்ணலாம் போல, அணையாமல் ஐடிலில் நின்று ஓடுகிறது.

டேங்க்? கோட்டுக்குப் பதில் ஸ்டிக்கர் ஒட்டலாம் என்று யோசனை சொன்னவர்கள் மன்னிக்கவும். திருவொற்றியூர் புல்லட் தொழிற்சாலையில் கையால் இழுத்த தங்கக்கோடு ஒருபக்கம் இன்னும் இருக்கிறது. அது அப்படியே இருக்கட்டும், நெளிசலோடு.