கனடா ரிசீவர் 120 வோல்ட், வீட்டு ரீவியில ஏஆர்சி இல்லை: எப்படிப் பூட்டுறது?

கொக்குவில் தம்பி

வணக்கம். கனடாவில இருந்து வந்த 5.1 ஹோம் தியேட்டர் ஒண்டு வீட்டில கிடக்கு. ரிசீவருக்குப் பின்னால 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ், 400 வாட்ஸ் எண்டு போட்டிருக்கு. சப்வூஃபரும் 120 வோல்ட்தான், 100 வாட்ஸ். மற்ற அஞ்சு ஸ்பீக்கருக்கும் கரண்ட் வயர் இல்லை, 8 ஓம் எண்டு எழுதியிருக்கு. எங்கட ரீவி 2012 இல வாங்கின எல்ஈடி. ரெண்டு எச்டிஎம்ஐ, ஒரு ஒப்டிகல் அவுட் இருக்கு. ஏஆர்சி (ரீவியின்ர சத்தத்தை எச்டிஎம்ஐ வயராலயே ரிசீவருக்குத் திருப்பி விடுற வசதி) எண்டு ஒரு ஓட்டையிலயும் எழுதேல்ல. பியோ ரீவி பெட்டியும் இருக்கு.

தட்டைக் கால் பிளக்குக்கு அடப்டர் கடையில விக்குது. அதைப் போட்டு சுவரில குத்தலாமோ? சத்தத்தை எந்த வழியால எடுக்கிறது?

சுன்னாகம் வைண்டர்

தம்பி, குத்தாதேங்கோ. அந்த அடப்டர் பிளக்கின்ர காலை மட்டும்தான் மாத்தும், வோல்ட்டை மாத்தாது. உள்ளுக்கு இரும்புக் கோர் ட்ரான்ஸ்போமர் உள்ள ரிசீவருக்கு 230 போனால் கோர் தாங்காது, பிரைமரியில (சுவர்க் கரண்ட் போற சுத்தில) கரண்ட் பல மடங்கு ஏறும். தப்பினால் பியூசோட போகும். தப்பாட்டி பிரைமரிச் சுத்து எரியும், அதுக்குள்ள கப்பாசிற்றரும் வெடிச்சிடும். லேபிளில 100-240 எண்டு இருந்தால் மட்டும் நேரடியாகக் குத்தலாம். உங்கட ரெண்டும் அப்பிடி இல்லை.

உங்களுக்குத் தேவை 230 இல இருந்து 110 க்கு இறக்கிற ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்போமர். 400 உம் 100 உம் சேர்த்து 500 வாட்ஸ். 1000 விஏ (வோல்ட்-அம்பியர், ட்ரான்ஸ்போமர் தாங்கிற அளவு) எடுங்கோ. ஓன் பண்ணுற கணத்தில இழுக்கிற கரண்ட்டையும் அது தாங்கோணும். கைக்குள்ள அடங்கிற சின்ன "ட்ரவல் கன்வேர்ட்டர்" வேண்டாம். அதில கனக்க அயன் பொக்ஸ், ஹெயர் ட்ரையர் மாதிரிச் சூடாக்கிற சாமானுக்கு அலையை வெட்டிக் குடுக்கிறது. ரிசீவருக்கு அது விஷம். உண்மையான 1000 விஏ ட்ரான்ஸ்போமரைத் தூக்கினாலே பாரம் தெரியும்.

ட்ரான்ஸ்போமர் ஹெர்ட்ஸை மாத்தாது, அதால 60 ஹெர்ட்ஸ் சாமான் எங்கட 50 ஹெர்ட்ஸில ஓடுறதையும் கணக்கில எடுங்கோ. வோல்ட்டை ஹெர்ட்ஸால பிரிச்சால் கோரின்ர சுமை தெரியும்: 120 ஐ 60 ஆல பிரிச்சால் 2. 110 ஐ 50 ஆல பிரிச்சால் 2.2. அதாவது ரிசீவருக்குள்ள இருக்கிற கோருக்கு பத்து வீதம் கூடச் சுமை. கொஞ்சம் கூடச் சுடும், ஆனால் ஓடும். இங்க 120 அவுட் உள்ளதைத் தேடிப் போகாதேங்கோ, 110 தான் உங்களுக்கு நல்லது. ரிசீவருக்கு மேல ஒரு சாண் வெளி விடுங்கோ, அலுமாரிக்குள்ள அடைக்க வேண்டாம்.

சுத்துற கடையில சொல்லிச் செய்விக்கிறதெண்டால் பிரைமரி, செகண்டரி (110 வெளிய வாற சுத்து) ரெண்டும் தனித்தனிச் சுத்தாகக் கேளுங்கோ. ஒரே சுத்தில இடையில டாப் (நடுவில ஒரு வயர்) எடுத்ததும் வேலை செய்யும், விலையும் குறைவு. ஆனால் அதில கீழ்ப் பக்கச் சுத்து அறுந்தால் 230 அப்பிடியே ரிசீவருக்குப் போகும்.

அவுட் பக்கத்துக்குத் தட்டைக் கால் சொக்கெற்றே போடுங்கோ. ரிசீவரின்ர பிளக்கை வெட்டி 13 அம்பியர் பிளக் போட்டியளெண்டால், வீட்டில ஆரோ ஒருநாள் அதைச் சுவரில குத்துவினம். ரிசீவரைப் பூட்ட முதல் மீற்றரை ஏசி வோல்ட்டில வைச்சு அளவுங்கோ. ஒண்டும் பூட்டாமல் 110 க்கும் 118 க்கும் இடையில காட்டினால் சரி. பாவிக்காத நேரம் சுவர் சுவிச்சை நிப்பாட்டுங்கோ, ட்ரான்ஸ்போமர் சும்மா நிண்டாலும் கரண்ட் தின்னும்.

நல்லூர் ஓடியோ

கரண்ட் பக்கம் அண்ணை சொன்னது சரி. நான் சத்தத்தைச் சொல்லுறன்.

ஏஆர்சி எண்டது 2009 இல வந்த எச்டிஎம்ஐ 1.4 ஓட சேர்ந்தது. ஆனால் 1.4 ரீவி எல்லாத்திலயும் அது இல்லை; ஓட்டையில எழுதியிருந்தால்தான் உண்டு. விலை கூடின கேபிள் வாங்கினாலும் வராது. அதுக்குக் காசு குடுக்காதேங்கோ.

பியோ பெட்டியை ரீவியில குத்தாதேங்கோ. பெட்டியில இருந்து எச்டிஎம்ஐ ரிசீவரின்ர இன்னுக்கு, ரிசீவரின்ர அவுட்டில இருந்து ரீவிக்கு. படம் ரீவிக்குப் போகும், சத்தத்தை ரிசீவர் இடையில எடுத்திடும், ஏஆர்சி தேவையே இல்லை. இன்னொரு காரணமும் இருக்கு: பழைய ரீவிகள் கனக்க, எச்டிஎம்ஐயால வந்த 5.1 ஐ ஒப்டிகலால விடேக்க ரெண்டு சனலாக்கிப் போடும். பெட்டியில ஓடியோ அவுட்டை பிட்ஸ்ட்ரீம் (சத்தத்தைப் பிரிக்காமல் அப்பிடியே ரிசீவருக்கு அனுப்புறது) எண்டு வையுங்கோ.

4கே பெட்டி பழைய ரிசீவரோட சேர்ந்து கறுப்புத் திரை காட்டினால் எச்டிசிபி (எச்டிஎம்ஐயில கொப்பி எடுக்கிறதைத் தடுக்கிற பூட்டு) பொருந்தேல்ல எண்டு யோசியுங்கோ. பெட்டியின்ர ரெசலூஷனை 1080 க்கு இறக்கிப் பாருங்கோ. அதுக்கும் மசியாட்டி பெட்டி ரீவிக்கு, சத்தம் ஒப்டிகலால.

ரீவிக்குள்ள ஓடுற யூடியூப், அன்ரெனா சனல் எல்லாத்துக்கும் ஒப்டிகல் வயர் ஒண்டு ரீவியில இருந்து ரிசீவருக்குப் போகோணும்.

கொக்குவில் தம்பி

மிச்சம் நன்றி. ட்ரான்ஸ்போமர் பூட்டி அளந்தது, 114 காட்டுது. பெட்டி ரிசீவர் வழியாக நல்லா வேலை செய்யுது. ஒப்டிகலில சிவப்பு வெளிச்சம் வருது, ஆனால் ரிசீவரில சத்தமில்லை.

நல்லூர் ஓடியோ

வெளிச்சம் கேபிளின்ர மற்ற முனையால வருதோ எண்டு பாருங்கோ, ரீவி ஓட்டையில பார்த்தால் காணாது. புது வயரின்ர நுனியில ஒரு குட்டி பிளாஸ்டிக் மூடி இருக்கும். ஒரு பக்கம் கழட்டி மற்றப் பக்கத்தை மறக்கிறது வழமை. "டிக்" எண்டு இருக்கும்வரை தள்ளுங்கோ, வயரைக் கூர்மையாக மடிக்காதேங்கோ.

வெளிச்சம் வந்தால் பிழை ரிசீவரின்ர மெனுவில. ஒப்டிகல் 1 எந்த இன்புட்டுக்கு அசைன் ஆகியிருக்கு எண்டு பார்த்து, ரீவி எண்ட இன்புட்டுக்கு மாத்துங்கோ. ரீவியில ஓடியோ அவுட்டை முதல் பிசிஎம் (சுருக்காத சாதாரண டிஜிட்டல் சத்தம்) வையுங்கோ, அது எந்த ரிசீவருக்கும் விளங்கும். சத்தம் வந்த பிறகு டொல்பி எண்டு மாத்திப் பாருங்கோ.

ஒப்டிகலில வொலியூம் பொதுவாக ரீவி ரிமோட்டுக்குக் கட்டுப்படாது, ரிசீவர் ரிமோட்தான். ரீவியின்ர சொந்த ஸ்பீக்கரை மெனுவில நிப்பாட்டுங்கோ, இல்லாட்டி ரெண்டு சத்தமும் முன்னபின்ன வந்து எதிரொலி மாதிரிக் கேக்கும். வாயசைவு பிந்தினால் ரிசீவரில ஓடியோ டிலே கிடக்கு. 40 மில்லி செக்கனில தொடங்கி ஏத்துங்கோ.

மானிப்பாய் ரேடியோ

இதை வாசிக்கிற மற்றாக்களுக்கு: ட்ரான்ஸ்போமர் எடுக்க விருப்பமில்லாட்டி ஸ்பீக்கர்களை மட்டும் வைச்சிருக்கலாம். கரண்ட் வயர் இல்லாத 8 ஓம் ஸ்பீக்கருக்கு நாடு கிடையாது, இங்க விக்கிற 230 வோல்ட் ரிசீவரில பூட்டலாம். ஆனால் ஒரே பெட்டியாக வாற செட்டுகளில ஸ்பீக்கர் 3 ஓம், 4 ஓம் இருக்கும். அதை 6 ஓமுக்குக் கீழ வேண்டாம் எண்டு எழுதின ரிசீவரில பூட்டினால் ரிசீவர் சுட்டு, தன்னைக் காக்க புரொடெக்ட் எண்டு காட்டி நிண்டிடும்.

ரேடியோ கேக்கிற ஆக்கள் ரியூனரையும் பாருங்கோ. வட அமெரிக்க ஏஎம் 10 கிலோஹெர்ட்ஸாகத் தாவும், எங்கட பக்கம் 9. எஃப்எம்மும் சிலதில 0.2 ஆகத்தான் தாவும், புள்ளிக்குப் பிறகு இரட்டை எண் (2, 4, 6 மாதிரி) வாற ஸ்டேஷனில நிக்காது. சில ரிசீவரின்ர மெனுவில ரியூனர் ஸ்டெப் மாத்த இடம் இருக்கு.