லாபியிங் பதிவேட்டுக்கு ஒரு சொல்: ‘நலன்சார் தொடர்புப் பதிவேடு’

அன்புடையீர்,

அரசின் முடிவுகளைத் தமக்குச் சாதகமாக்க நிறுவனங்கள் அமைச்சர்களையும் அதிகாரிகளையும் அணுகுவதே ‘லாபியிங்’. அதைப் பதிந்துவைக்கும் ‘லாபியிங் ரெஜிஸ்டர்’ என்பதற்குத் தமிழில் முன்மொழியப்பட்ட ‘பரப்புரைப் பதிவேடு’ பொருந்தாது என்பது என் கருத்து. பரப்புரை ஊரறியச் செய்வது. இங்கே பேசப்படுவதோ, ஒரு நிறுவனத்தின் சார்பாளர் அமைச்சரையோ அதிகாரியையோ தனியே அணுகி, ஒரு விதியைத் தளர்த்தும்படியோ மாற்றும்படியோ கேட்பது. ‘தரகு’ என்ற சொல்லை வைத்தாலோ கையூட்டு வாடை அடிக்கிறது. முறைப்படி பதிவுசெய்துகொண்டு வருபவரையும் அது குற்றவாளியாக்கிவிடும்.

‘சந்திப்புப் பதிவேடு’ எளிய சொல்தான், ஆனால் போதாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் 2014 நவம்பரில் எடுத்த முடிவின்படி, அதன் ஆணையர்களும் தலைமை இயக்குநர்களும் இத்தகைய சார்பாளர்களைச் சந்தித்தால், நாள், இடம், சந்தித்தவர், பேசுபொருள் ஆகியவற்றை இரண்டு வாரத்துக்குள் இணையத்தில் வெளியிட வேண்டியிருந்தது. ஆயினும் கோவிட் தடுப்பூசிக் கொள்முதல் நடந்த காலத்தில் ஆணையத் தலைவர் உர்சுலா வான் டெர் லேயனும் ஃபைசர் தலைவர் ஆல்பர்ட் பூர்லாவும் குறுஞ்செய்தி பரிமாறிக்கொண்டதை, 2021 ஏப்ரலில் நியூயார்க் டைம்ஸ் எழுதிய பிறகே உலகம் அறிந்தது. அச்செய்திகளைக் கேட்டபோது, அப்படி ஆவணம் எதுவும் தன்னிடம் இல்லை என்றது ஆணையம். 2025 மே 14 அன்று ஐரோப்பிய ஒன்றியப் பொது நீதிமன்றம் அந்த மறுப்பை ரத்து செய்தது. இல்லை என்று சொன்னால் மட்டும் போதாது, ஏன் இல்லை என்பதை நம்பும்படி விளக்கவும் வேண்டும் என்றது. இத்தனைக்கும், எந்த ஊடகத்தில் இருந்தாலும் உள்ளடக்கம் ஆவணமே என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் 2001ஆம் ஆண்டு ஒழுங்குவிதி சொல்கிறது.

ஆகவே குறுஞ்செய்தியும் தொலைபேசிப் பேச்சும் அடங்கும்படி ‘தொடர்பு’ என்றே வைக்கலாம். அயர்லாந்தின் 2015ஆம் ஆண்டுச் சட்டம் வாய்மொழி, எழுத்து இரண்டையுமே கணக்கில் கொள்கிறது. எந்தத் தொடர்பு என்ற ஐயம் எழாதிருக்க ‘நலன்சார்’ என்ற அடையைச் சேர்க்கலாம். ‘நலன்முரண்’ (conflict of interest) ஏற்கெனவே வழக்கில் இருப்பதால் அது புதிதாக ஒலிக்காது. லாபியிஸ்ட்டை ‘நலன் சார்பாளர்’ எனலாம்.

பதிவேட்டையும் கூட்டக் குறிப்பையும் ஒரே சொல்லில் அடக்க வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். யார், எப்போது வந்தார் என்பதைப் பதிவேடு காட்டும்; என்ன கேட்டார், அதிகாரி என்ன சொன்னார் என்பது குறிப்பில்தான் இருக்கும். நம் நாட்டில் இத்தகைய பதிவேட்டைக் கட்டாயமாக்கும் சட்டம் இல்லாததால், 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் மனுப்போடுபவருக்கு இந்த வேறுபாடு மிகவும் தேவை. வருகைப் பட்டியலைக் கொடுத்துவிடும் அலுவலகமே, குறிப்பைக் கேட்டால் வணிக இரகசியம் என்று 8(1)(டி) பிரிவைக் காட்டி மறுக்கக்கூடும். எனவே இரண்டையும் தனித்தனியே பெயர் சொல்லிக் கேட்பது நல்லது.

வினைவடிவம்தான் இன்னும் அமையவில்லை. ‘நலன் கோருதல்’ என்றால் நலத்திட்ட உதவி கேட்பதுபோல் ஒலிக்கிறது; ‘நலன்வழி அணுகுதல்’ சற்று நீளம். இதைவிடப் பொருத்தமானது தோன்றினால் எழுதுங்கள்.