ஏற்காடு ஏறி முடித்தால் பின் பேட்டரி நிறையுமா?

(சேலம் பக்கத்து வண்டிக்காரங்களும் வயரிங் வேலை செய்றவங்களும் ஒவ்வொருத்தரா சொன்னது. அவங்க வண்டி அல்லது வேலையும், ஊரும் தலைப்பில்.)

டீசல் வேன், கோரிமேடு:

கேம்பர் (உள்ளேயே தங்கிப் பயணம் போற வண்டி) கட்டுறவங்க முதல்ல கேட்கிற கேள்வி இதுதான்: சேலத்திலிருந்து ஏற்காடு போய்ச் சேரும்போது ஃபிரிட்ஜ், ஃபேனுக்குன்னு பின்னாடி தனியா இருக்கிற பேட்டரி ஃபுல் ஆகிடுமா? ஆகாதுங்க. டவுனிலிருந்து மேலே சுமார் 30 கிலோமீட்டர், ஒரு மணி நேரப் பயணம். டைனமோவிலிருந்து அதுக்குக் கரண்ட் ஏத்துற 30 ஆம்பியர் சார்ஜர் மாட்டியிருந்தாலும் 30 ஏஎச் (ஆம்பியர்-மணி: ஒரு ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு ஏஎச்) தான் ஏறும், அதுக்கு மேல வழியில்லை.

செலவு அதைவிட அதிகம். 40 லிட்டர் கம்ப்ரசர் ஃபிரிட்ஜ் ஓடும்போது 4 ஆம்பியர் இழுக்கும். சேலம் வெயிலில் பாதி நேரம் ஓடுதுன்னு வைங்க, நாளுக்கு 48 ஏஎச். ராத்திரி 8 மணி நேரம் ஃபேனுக்கு 16, லைட்டும் போன் சார்ஜும் 8. ஆக 72 ஏஎச். மலைமேல குளிரில் ஃபேன் தேவைப்படாது, ஃபிரிட்ஜும் அவ்வளவு ஓடாது. அப்பவும் 40-க்குக் கீழ வர்றது கஷ்டம்.

"பெரிய சார்ஜரா மாட்டிடலாமே"ன்னு அடுத்த கேள்வி வரும். டைனமோவில் எவ்வளவு மிச்சம் இருக்குன்னு பார்க்காம அதைச் செய்யாதீங்க. தகட்டில் 90 ஆம்பியர்னு போட்டிருப்பது, டைனமோ குளிர்ந்திருக்கும்போது நல்ல வேகத்தில் சுற்றினால் வரும் கணக்கு. எஞ்சின் சூட்டில் அது 65 அளவுக்கு இறங்கும். கொண்டை ஊசி வளைவில் பஸ்ஸுக்குப் பின்னாடி ஊர்ந்தால் ஆர்பிஎம் விழுந்து 40, 45-தான் வரும். ராத்திரி ஏசி போட்டு ஏறும் வண்டியில் ஹெட்லைட் 10, ப்ளோயர் 12, ரேடியேட்டர் ஃபேன் 15, எஞ்சின் கம்ப்யூட்டரும் மற்றதும் 8 என்று வண்டியே 45 ஆம்பியர் தின்னும். மிச்சம் எங்கே? டைனமோவுக்குள் இருக்கும் விசிறியும் ஆர்பிஎம்மை நம்பித்தான் சுற்றுது. மெதுவாகப் போகும்போது சுமை குறையாது, காற்று மட்டும் குறையும். முதலில் போவது டயோடு. இந்த மலைக்கு ஏறும் 90 ஆம்பியர் டைனமோ வண்டிக்கு 20 ஆம்பியர் சார்ஜர் போதும். 30 வேணும்னா அளவைக் குறைக்கிற வசதி உள்ளதா வாங்குங்க. அதுவும் இல்லைன்னா ஏற்றத்தில் அணைக்க டேஷ்போர்டில் ஒரு சுவிட்ச் வைங்க.

பி.எஸ்.6 வேன், அஸ்தம்பட்டி:

அண்ணா சொன்னது பழைய மாதிரி டைனமோவுக்கு முழுசாப் பொருந்தும். அது எப்பவும் 14.2 வோல்ட்டை ஒட்டியே கொடுக்கும். 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 புகை விதி வந்த பிறகு வந்த வண்டிகள் பலவற்றில் டைனமோ எவ்வளவு கொடுக்கணும்னு எஞ்சின் கம்ப்யூட்டர்தான் முடிவு பண்ணுது. எல்லா வண்டியிலும் இல்லை, அதனால் முதலில் பார்த்துக்குங்க. சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் ஒரு சின்ன வோல்ட் மீட்டரைச் செருகி மலை ஏறினாலே தெரிஞ்சிடும்.

ஏறும்போது எஞ்சினுக்குப் பாரம் அதிகம். கம்ப்யூட்டர் டைனமோவைத் தளர்த்திடும், மீட்டரில் 12.5, 12.6 என்று நிற்கும். இறங்கும்போது ஆக்சிலரேட்டரை விட்டு கியரிலேயே இறங்குறோம்; சக்கரம் எஞ்சினைச் சுற்றும் அந்த நேரத்தில் சும்மா கிடைக்கிற சக்தியை அள்ளிக்க 14.8, 15 வரை ஏற்றிவிடும். 20 வளைவு, 1,200 மீட்டருக்கு மேல் உயர வித்தியாசம் என்பதால் இந்த ரெண்டு நிலையும் நீண்ட நேரம் நிற்கும். சமவெளி ரோட்டில் இவ்வளவு தெளிவாப் பார்க்க முடியாது.

இந்த வண்டியில் வோல்டேஜ் பார்த்து ரெண்டு பேட்டரியையும் தானா இணைக்கிற சாதா ரிலேயை (சுவிட்ச்) மாட்டினால் என்ன ஆகும்? பெரும்பாலான ரிலே 13.3-ல் சேரும், 12.8-ல் விடும். அடிவாரம் தாண்டினதும் விட்டுடும், மேலே போகிற வரைக்கும் ஒரு ஆம்பியர்கூட ஏறாது. இறங்கும்போது 15 வோல்ட்டில் சேரும். பின்னாடி இருப்பது லித்தியம் பாஸ்பேட் வகை பேட்டரி என்றால் அதன் உள்தடை ரொம்பக் குறைவு, கிடைக்கிற கரண்ட்டை எல்லாம் இழுக்கும். ஃபியூஸ் போகும், சரியான ஃபியூஸ் இல்லைன்னா வயர் சுடும். இன்னொன்று: லித்தியம் சும்மா இருக்கும்போதே 13.3-ஐ ஒட்டி நிற்பதால், எஞ்சினை அணைச்ச பிறகும் ரிலே விடாம ரெண்டு பேட்டரியும் சேர்ந்தே கிடக்கும்.

அதனால் இங்கே டிசி டு டிசி சார்ஜர்தான். உள்ளே 12.5 வந்தாலும் வெளியே 14.4 கொடுக்கும், கரண்ட்டையும் கட்டுப்படுத்தும். ஆனால் எஞ்சின் ஓடுதுன்னு அதுக்குத் தெரியணும். வோல்டேஜை வைத்து அது கண்டுபிடிக்க முடியாது. சாவி போட்டால் மட்டும் உயிர் வரும் ஒரு ஃபியூஸிலிருந்து சிக்னல் வயர் எடுத்துக் கொடுங்க.

நெகட்டிவ்வில் கவனம் வேணும். முன் பேட்டரியின் நெகட்டிவ் முனையில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு சென்சார், சின்ன பிளக்கோட இருந்தால், சார்ஜரின் எர்த்தை அந்த முனையில் போடக் கூடாது. பாடி எர்த்தில்தான் போடணும். முனையில் போட்டால் சார்ஜருக்குப் போகும் கரண்ட் முழுக்க அந்த சென்சார் வழியா டைனமோவுக்குத் திரும்பும். கம்ப்யூட்டர் அதை "முன் பேட்டரிக்குச் சார்ஜ் ஏறுது"ன்னு எடுத்துக்கிட்டு டைனமோவை இன்னும் தளர்த்தும். சில வாரத்தில் காலையில் செல்ஃப் அடிக்காது. பேட்டரியை மாற்றினாலும் தீராது, ஏன்னா கோளாறு பேட்டரியில் இல்லை.

வயரிங் வேலை, கொண்டலாம்பட்டி:

வயர் கணக்கை யாரும் தொடல. 30 ஆம்பியர் வெளியே தரும் சார்ஜர் உள்ளே கிட்டத்தட்ட 39 ஆம்பியர் இழுக்கும் (30 x 14.4 = 432 வாட்; சார்ஜருக்குள் போகும் இழப்புக்காக அதை 0.88-ஆல் வகுத்து, மறுபடி 12.5-ஆல் வகுங்க). முன்னாடியிருந்து பின்னாடி 5 மீட்டர் என்றால் போக வர 10 மீட்டர். செம்பு வயரில் 39 ஆம்பியருக்கு விழும் வோல்டேஜ்: 6 சதுர மி.மீ. போட்டால் 1.1, 10 போட்டால் 0.67, 16 போட்டால் 0.42. பாடி எர்த் எடுத்தால் இது கொஞ்சம் குறையும். 16-க்குக் கீழே போகாதீங்க. வீட்டு வயரிங்கில் மீந்த 2.5 வயர் பக்கமே போக வேண்டாம்.

வெல்டிங் கேபிள் நல்லா வளையும், சுலபமாக் கிடைக்கும், தாராளமாப் போடலாம். ஆனா வாங்கும்போது நுனியில் ஒரு இழையை எடுத்து பிளேடால் சுரண்டிப் பாருங்க. உள்ளேயும் சிவப்பா இருந்தால் செம்பு. வெள்ளையாத் தெரிஞ்சால் அலுமினியத்துக்கு மேல செம்பு பூச்சு. அதே அளவில் தடை ஒன்றரை மடங்குக்கு மேல.

ஃபியூஸ் ரெண்டு முனையிலும் வேணும். ரெண்டு பக்கமும் பேட்டரி இருக்கு, நடுவில் வயர் பாடியில் உரசினால் ரெண்டு பக்கமிருந்தும் கரண்ட் பாயும். ஒரு முனையில் மட்டும் ஃபியூஸ் போட்டு விட்ட வண்டிகள்தான் அதிகம் கண்ணில் படுது. முன் பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் 60 ஆம்பியர் போல்ட் வகை ஃபியூஸ். பின் பேட்டரிப் பக்கம் 30 ஆம்பியர் சார்ஜருக்கு 40.

லக்கை (வயர் நுனியில் மாட்டுற உலோக வளையம்) சுத்தியலால் தட்டி அமுக்குறது, ஈயம் ஊற்றுறது ரெண்டுமே வேண்டாம். ஈயம் ஏறிய இடத்தில் இழைகள் கம்பி மாதிரி விறைச்சுப் போகும், ஆட்டத்தில் அந்த எல்லையிலேயே ஒவ்வொன்னா ஒடியும். ஹைட்ராலிக் கிரிம்பரில் அமுக்கி, சுருங்குற ஸ்லீவ் போட்டு, லக்கைப் பிடிச்சு பலமா இழுத்துப் பாருங்க. எஞ்சின் அறைத் தகட்டில் ஓட்டை போடுற இடத்தில் வயர் உரசாம இருக்க ரப்பர் கிரோமெட் (வளையம்) கட்டாயம்.

24 வோல்ட் மினிபஸ், சீலநாயக்கன்பட்டி:

பெரிய வண்டியில் ரெண்டு 12 வோல்ட் பேட்டரி தொடராக இருக்கும். அதில் ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுத்து ஃபிரிட்ஜுக்கோ சார்ஜருக்கோ கொடுக்காதீங்க. எடுக்கிற பேட்டரி பசியிலேயே கிடக்கும். ரெண்டுக்கும் சேர்த்து வர்ற 28 வோல்ட்டில் அது குறைவா எடுக்க, மற்றதுக்குப் பங்கு கூடிப்போய்த் தண்ணி கொதிச்சு வத்தும். 24-ஐ வாங்கி 12 பேட்டரியைச் சார்ஜ் பண்ணுற டிசி டு டிசி தனியா வருது, அதுதான் வழி.

டியூபுலர் பேட்டரி, அயோத்தியாபட்டணம்:

விலைக்காக வீட்டு இன்வெர்ட்டரின் 150 ஏஎச் டியூபுலரையே வைக்கிறவங்களுக்கு: அதன் அளவு சார்ஜ் 15 ஆம்பியர்தான். 80 சதவீதம் வரை சரியா வாங்கும், அப்புறம் வோல்டேஜ் 14.4-ல் நின்னு ஆம்பியர் தானாக் குறையும். கடைசி 20 சதவீதத்துக்கு மணிக்கணக்கில் ஓட்டணும். அந்த மிச்சத்தை வீட்டு கரண்ட்டில் ஓடுற சார்ஜரில் போட்டு நிரப்புங்க, இல்லைன்னா தகட்டில் சல்ஃபேட் படியும். ஹைட்ரஜன் வெளியே போக ஒரு குழாய், ஆடாமல் இருக்க இரும்பு ஃபிரேம் ரெண்டும் அவசியம்.

லித்தியத்துக்கு ஏற்காட்டுக் குளிரால் பிரச்சினை இல்லை, பூஜ்யத்துக்குக் கீழே போனால்தான் சார்ஜ் கூடாது. சிக்கல் சேலத்து மே மாத வெயில். மூடின வண்டியில் சீட்டுக்கு அடியில் பேட்டரி வைத்தால் சூடு ஏறி பிஎம்எஸ் (பேட்டரிக்குள் இருக்கும் பாதுகாப்பு சர்க்யூட்) சார்ஜை நிறுத்திடும். சார்ஜர் கெட்டுப்போச்சுன்னு கழற்றுறதுக்கு முன்னாடி பேட்டரிப் பெட்டியைத் தொட்டுப் பாருங்க.

டீசல் வேன், கோரிமேடு:

ஏரிப் பக்கம் நிறுத்திட்டு ஸ்லோவில் எஞ்சினை ஓடவிட்டு சார்ஜ் ஏத்தலாமான்னு ஒரு தம்பி கேட்டிருந்தார். ஸ்லோவில் டைனமோவும் சரியாத் தராது, காற்றும் பத்தாது. ஆள் உள்ளே தூங்கும்போது இதைச் செய்யவே கூடாது தம்பி. 2024 டிசம்பரில் கேரளத்து வடகரையில் நிறுத்தியிருந்த கேரவனில் ரெண்டு பேர் இறந்தது ஜெனரேட்டரின் கார்பன் மோனாக்சைடால்தான். எஞ்சின் புகையிலும் அதே வாயுதான், வாசனை இருக்காது. குறையுற ஆம்பியருக்கு கூரையில் ஒரு 200 வாட் சோலார் போடுங்க, கார்பன் மோனாக்சைடு அலாரமும் ஒன்னு மாட்டுங்க.

வேலை முடிஞ்ச முதல் பயணத்தில் செய்ய வேண்டியது: ஏசி, ஹெட்லைட், சார்ஜர் எல்லாம் போட்டு நாலஞ்சு வளைவு ஏறி, அகலமான இடத்தில் ஓரம் கட்டுங்க. எஞ்சின் ஓடட்டும். டிசி கிளாம்ப் மீட்டரை (வயரைச் சுற்றிக் கவ்வி ஆம்பியர் காட்டுற மீட்டர்) டைனமோவின் தடி வயரில் மாட்டி மொத்தம் எவ்வளவுன்னு பாருங்க. அகச்சிவப்பு தெர்மாமீட்டரை டைனமோவின் பின்பக்கம் காட்டுங்க; 100 டிகிரியைத் தாண்டினால் சார்ஜரை 20-க்கு இறக்குங்க. பிறகு எஞ்சினையும் சார்ஜரையும் அணைச்சிட்டு ஒவ்வொரு லக்கையும் தெர்மாமீட்டரில் பாருங்க. பக்கத்து வயரைவிட ஒரு லக் மட்டும் அதிகமாச் சுட்டால் அந்த இணைப்பைக் கழற்றி மறுபடி அமுக்கிட்டுத்தான் மேலே ஏறணும்.