மார்ச் கடைசியில் மூன்று நாள் மலைப்பயணம்: றிவர்ஸ்டனா, மீமுரேயா? அம்மாவுக்கு 71 வயது

கொக்குவில் மகள் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். மார்ச் கடைசிக் கிழமையில் மூன்று நாள் லீவு கிடைத்திருக்கிறது. நான், கணவர், பன்னிரண்டு வயது மகன், அம்மா என்று நான்கு பேர். வாகனம் எங்களுடைய வாகன் ஆர், ஓட்டோ கியர். ஏப்ரல் பிறந்தால் நுவரெலியாவில் வசந்தகாலம் என்று நாடே அங்கே திரளும். எங்களுக்கு அந்தக் கூட்டம் வேண்டாம். கடைத்தெரு இல்லாத, சத்தம் இல்லாத மலை வேண்டும்.

உண்மையில் இந்தப் பயணம் அம்மாவுக்காகத்தான். அம்மப்பா மாத்தளை மாவட்டத்தில் இரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டமொன்றில் கிளாக்கராக இருந்தவர். அம்மா பிறந்து வளர்ந்தது அங்கேதான். 1977 கலவரத்தோடு குடும்பமே யாழ்ப்பாணம் வந்துவிட்டது. அதற்குப் பிறகு அம்மா ஒருநாளும் திரும்பிப் போகவில்லை. அந்த மலையில் ஏறிக்கொண்டே போனால் ஓரிடத்தில் காற்று ஆளைத் தள்ளுமாம், அங்கே வந்ததும் அம்மப்பா அம்மாவின் கையை இறுக்கிப் பிடித்துக்கொள்வாராம். சின்ன வயதிலிருந்து இந்தக் கதையைக் கேட்டுத்தான் நான் வளர்ந்தேன். அது நக்கிள்ஸ் மலைத்தொடரில் இருக்கும் றிவர்ஸ்டன்தான் என்று நினைக்கிறேன்.

கணவர் போட்ட திட்டம்: முதல் நாள் றிவர்ஸ்டன், இரண்டாம் நாள் அதே மலைத்தொடரில் இருக்கும் மீமுரே கிராமம், மூன்றாம் நாள் விடிய ஹோர்ட்டன் சமவெளி, அப்படியே வீடு. இது சரிவருமா? அம்மாவுக்கு முழங்கால் நோவு. நீண்ட தூரம் நடக்கமாட்டார். கணவர் யாழ்ப்பாணத்துக்கு வெளியே கொழும்பு வரைதான் ஓடியிருக்கிறார், மலையில் ஓடியதில்லை.

சுன்னாகம் வான்காரர்:

தங்கச்சி, அந்தத் திட்டத்தை முதலில் கிழித்துப் போடுங்கோ. கோபிக்காதேங்கோ, இருபத்திரண்டு வருசம் வான் ஓடியவன் சொல்கிறேன். யாழ்ப்பாணத்திலிருந்து கண்டி வரைக்கும் ஏ9 வீதி 321 கிலோமீற்றர். மாத்தளை அதற்கு 26 கிலோமீற்றர் முன்னால். காலமை நாலு மணிக்கு வெளிக்கிட்டாலும், வவுனியாவில் சாப்பிட்டு, அம்மாவுக்காக இரண்டு மூன்று இடத்தில் நிறுத்தி மாத்தளை போக மத்தியானம் ஆகிவிடும். போக ஒரு நாள், வர ஒரு நாள். உங்களிடம் மிச்சம் இருப்பது ஒரே ஒரு முழு நாள். அதை ஒரு மலைக்குக் கொடுங்கோ. மூன்று மலைக்குப் பிரித்தால் அம்மா பார்க்கப்போவது வாகனத்தின் கண்ணாடியை மட்டும்தான்.

அதனால் றிவர்ஸ்டன் மட்டும். மாத்தளையிலோ இரத்தோட்டையிலோ இரண்டு இரவு தங்குங்கோ. மாத்தளையிலிருந்து மேலே கிட்டத்தட்ட 30 கிலோமீற்றர்தான், ஆனால் முடக்குக்கு மேல் முடக்கு.

போகும் வழியில் தம்புள்ளை, நாவுல தாண்டியதும் நாலந்தா கெடிகே என்று ஒரு கற்கோயில் இருக்கிறது. அங்கே கட்டாயம் இறங்குங்கோ. பௌத்த விகாரைதான், ஆனால் பார்த்தால் தென்னிந்தியக் கோயில் மாதிரியே இருக்கும். போவத்தென்ன நீர்த்தேக்கம் கட்டியபோது கல் கல்லாகக் கழற்றி மேட்டில் திரும்ப அடுக்கினார்கள். மகனுக்குப் பிடிக்கும், அம்மாவும் கால் நீட்டி இருக்கலாம்.

இப்போது உங்கள் கணவருக்கு. தம்பி, ஏறுவது பெரிய காரியமில்லை. இறங்குவதுதான் காரியம். நாங்கள் யாழ்ப்பாணத்து ஆட்கள் தட்டையான நிலத்தில் ஓடிப் பழகியவர்கள், இறக்கம் என்றால் கால் தானாகப் பிரேக்குக்குப் போகும். நான் தொழில் தொடங்கிய வருசம் கண்டிப் பக்கம் ஒரு நீண்ட இறக்கத்தில் பிரேக்கை மிதித்தபடியே வந்தேன். பாதி வழியில் கருகின மணம். இன்னும் கொஞ்சத்தில் மிதிக்க மிதிக்க வண்டி பிடிக்கவில்லை. பின்னுக்குப் பதினொரு பேர். முதலாம் கியருக்கு மாற்றி மேட்டுப் பக்க மண்ணில் உரசி நிறுத்தினேன். ஒருவருக்கும் கீறல் இல்லை, ஆனால் அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. ஓட்டோ கியர் என்றால் D-யிலேயே விட்டு இறங்காதேங்கோ, L என்ற தாழ்ந்த கியரில் போட்டால் எஞ்சினே வண்டியைப் பிடிக்கும். பிரேக்கை விட்டு விட்டு மிதியுங்கோ. மணம் வந்தால் ஓரமாக நிறுத்தி ஆற விடுங்கோ, தண்ணீர் ஊற்றக் கூடாது. ஒடுங்கின இடத்தில் ஏறி வருகிற வாகனத்துக்கு வழி விடுங்கோ. ஒவ்வொரு முடக்கிலும் ஹோர்ன் அடியுங்கோ, அங்கே அதை ஒருவரும் மரியாதைக்குறைவாக எடுக்கமாட்டார்கள்.

மார்ச் கடைசியில் காலமை வானம் துப்புரவாக இருக்கும், பின்னேரம் இடியும் மழையும் வரும். ஆறரைக்கு ஏறத் தொடங்கி இரண்டு மணிக்கு முன்னர் இறங்கிவிடுங்கோ. திரும்பி வரும்போது தம்புள்ளைக்கும் மதவாச்சிக்கும் இடையில் இருட்டில் ஓடவேண்டாம். வீதியில் யானை நிற்கும்.

ஒருமுறை ஆல்டோவில் போனவன்:

மீமுரேக்கு நான் போயிருக்கிறேன். ஹுன்னஸ்கிரியவில் திரும்பி, லூல்வத்தை, கோர்பெட்ஸ் கேப் என்ற மலைக்கணவாய் தாண்டி இறங்க வேண்டும். கேப்பில் நின்று பார்த்தால் லக்கேகல மலை கூராக நிமிர்ந்து நிற்கும். இராவணன் கதையோடு சேர்த்து ஊரவர்கள் சொல்லும் மலை அது. அவ்வளவு வடிவு. ஆனால் கீழே போகும் பாதையில் எங்கள் கார் மூன்று தரம் அடி தட்டியது, எதிரே ஜீப் வந்தபோது ஒதுங்க இடமில்லாமல் பின்னுக்கு ஓட வேண்டி வந்தது. தொலைபேசியும் எடுக்கவில்லை. முழங்கால் நோவுள்ள அம்மாவோடு வாகன் ஆரில் வேண்டாம். மகன் வளர்ந்த பிறகு ஊர் ஜீப் பிடித்துப் போங்கள்.

சுதுகங்கைத் தம்பி:

அக்கா, நான் மாத்தளைக்காரன். அம்மா இரத்தோட்டை என்று வாசித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

அம்மா சொல்லும் காற்று றிவர்ஸ்டன் காற்றேதான், சந்தேகமே வேண்டாம். ஆனால் ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன், அங்கே போய் ஏமாறக் கூடாது. அந்தக் காற்று மே மாதத்துக்குப் பிறகு தென்மேற்குப் பருவத்தோடுதான் முழு வேகத்தில் வரும். மார்ச்சில் அவ்வளவு இருக்காது. அதற்குப் பதிலாக மூடுபனி கிடைக்கும், சில நாள் காலையில் எட்டு மணி வரைக்கும் எதிரே வரும் வாகனத்தின் லைட் மட்டும்தான் தெரியும்.

இரத்தோட்டையைத் தாண்டினால் தேயிலையும் மிளகும் கராம்பும் கலந்து வரும். அப்புறம் மெல்ல மெல்லக் காடு. உச்சியைக் கடந்து இலுக்கும்புர பக்கம் இறங்கினால் பிட்டவல பத்தனை. பாறை மேல் மெல்லிய மண், அதன் மேல் புல், மரமே இல்லை. வனத் திணைக்களத்தில் டிக்கெட் எடுத்துக்கொண்டு கொஞ்ச தூரம் நடந்தால் பள்ளத்தாக்கின் விளிம்பு. சின்ன உலக முடிவு என்று சொல்வார்கள். அம்மாவுக்குப் புல்வெளி வரைக்கும் போதும், அங்கிருந்தே எதிர்மலை தெரியும். மகனை மட்டும் விளிம்புக்குக் கூட்டிப்போங்கள், கையைப் பிடித்துக்கொண்டு. தடுப்பு இருக்கிறது என்று நம்பி நிற்கும் இடமில்லை அது. மூக்கில் இலை ஒட்டியதுபோல் ஒரு ஓணான் இந்த மலைத்தொடரில் மட்டும்தான் இருக்கிறது. காட்டோரத்து மரத்தண்டுகளில் பொறுமையாகத் தேடச் சொல்லுங்கள். நக்கிள்ஸ் 2010இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்த காடு. பிளாஸ்டிக் பையோ தீப்பெட்டியோ வெளியே எடுக்க வேண்டாம். காய்ந்த மாதங்களில் புல்வெளி ஒரு பொறியில் எரிந்துபோகும்.

சனி, ஞாயிறு, போயா தினங்களில் இங்கேயும் கூட்டம்தான், செவ்வாய் புதனில் ஏறுங்கள். பெற்றோலை மாத்தளையிலேயே நிரப்புங்கள். 2025 நவம்பரில் டித்வா புயலோடு மலையகத்தில் மண் சரிந்த இடங்கள் நிறைய. கிளம்புவதற்கு முந்தின நாள் பாதை திறந்திருக்கிறதா என்று தங்குமிடத்தில் கேளுங்கள், தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையையும் பாருங்கள். எச்சரிக்கை இருந்தால் ஏறவே வேண்டாம், அன்றைக்கு மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலில் இருங்கள். மாசி மகத்துக்கு ஐந்து தேர் ஓடும் கோயில். அம்மாவுக்கு நினைவிருக்கும்.

தோட்டத்தின் பெயர் தெரிந்தால் எழுதுங்கள். கிளாக்கர் குவார்ட்டர்ஸ் பல தோட்டங்களில் இன்னும் நிற்கின்றன. தோட்ட ஆபீஸில் முதலே ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போனால் உள்ளே விடுவார்கள். என் தாத்தாவும் அந்தப் பக்கம் கொழுந்து எடை பார்த்த கணக்கப்பிள்ளைதான். இரண்டு பேரும் ஒரே ஆபீஸில் நின்றிருக்கலாம்.

கொக்குவில் மகள்:

மூன்று பேருக்கும் மிகவும் நன்றி. திட்டத்தைக் கிழித்தாயிற்று. செவ்வாய் போய், புதன் மலை, வியாழன் வீடு. வான்காரர் அண்ணா, உங்கள் பதிலைக் கணவர் இரண்டு தரம் வாசித்தார். நேற்றுப் பின்னேரம் வாகனத்தை கராஜில் விட்டுப் பிரேக் முழுக்கப் பார்க்கச் சொல்லியிருக்கிறார்.

சுதுகங்கைத் தம்பி, உங்கள் பதிலை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். மார்ச்சில் காற்று இருக்காது என்றபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "காத்து இல்லாட்டியும் அந்த முடக்கு எனக்குத் தெரியும், அதில இறக்கிவிடு" என்றார். தோட்டத்தின் பெயரையும் சொன்னார், உங்களுக்குத் தனியாக எழுதுகிறேன். உங்கள் தாத்தாவின் பெயரைக் கேட்கச் சொன்னார்.

இன்னுமொரு உதவி. இரத்தோட்டைப் பக்கம் படி ஏறாத, நிலத்தோடு இருக்கும் அறை கிடைக்குமா? குளியலறை உள்ளேயே இருக்க வேண்டும். உங்கள் வீட்டுக்குக் கொடுக்க அம்மா இப்போதே பனங்கட்டிக் குட்டான் நான்கு வாங்கி வைத்துவிட்டார், மாத்தளையில் எங்கே சந்திக்கலாம் என்றும் சொல்லுங்கள்.